ஏற்காட்டு வளைவுகளைப் படித்துக் காட்டும் டிவைஸ்: கெர்னல் மாட்யூல் எழுதிச் சோதிப்பது எப்படி

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கடைகளில் பில் போடும் இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கொலுசை எலக்ட்ரானிக் தராசில் வைத்ததும், யாரும் தட்டாமலே எடை கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிடும்படி சில இடங்களில் அமைத்திருப்பார்கள். தராசின் பின்னால் ஒரு சீரியல் கேபிள், அதன் நுனியில் யூஎஸ்பி கன்வெர்ட்டர், அவ்வளவுதான். அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேபிளைச் செருகியதும் டெவ் என்ற ஃபோல்டருக்குள் 'டிடிஒய்யூஎஸ்பி0' என்று புதிதாக ஒரு ஃபைல் முளைக்கும். பில்லிங் புரோகிராம் அதைச் சாதாரண ஃபைல் போலத் திறந்து படிக்கும், எடை பைட் பைட்டாக வரும். மறுமுனையில் இருப்பது தராசா வேறு ஏதாவதா என்பது புரோகிராமுக்குத் தெரியாது.

அந்த ஃபைலுக்கு ஹார்ட் டிஸ்க்கில் இடமே கிடையாது. 'படி' என்று யாராவது கேட்டால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஒரு ஃபங்ஷன் ஓடி, பதிலைக் கையில் கொடுக்கும். இப்படிப் பைட்டுகளை வரிசையாகத் தந்து வாங்கும் சாதனத்துக்குக் கேரக்டர் டிவைஸ் என்று பெயர். கன்வெர்ட்டரில் இருப்பது சிஎச்340 சிப் என்றால், செருகிய நொடியில் லினக்ஸே 'சிஎச்341' என்ற மாட்யூலைத் தேடி எடுத்துக் கெர்னலுக்குள் ஏற்றிவிடும். 'எல்எஸ்மாட்' கமாண்ட் கொடுத்தால் அது பட்டியலில் நிற்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலோடு, கம்ப்யூட்டரை அணைக்காமலே வந்து சேர்ந்துகொள்ளும் நிரல்தான் லோடபிள் மாட்யூல். உலகத்தில் உள்ள எல்லாச் சாதனங்களுக்குமான டிரைவரையும் (சாதனத்தோடு பேசும் நிரல்) மெமரியில் எப்போதும் வைத்திருக்க முடியாது. தேவைப்படும்போது ஏற்றி, முடிந்ததும் இறக்கிவிடலாம்.

டெவ் ஃபோல்டரை விரிவாகப் பட்டியலிட்டுப் பார்த்தால் டிவைஸ் ஃபைல்களுக்கான வரிகளின் முதல் எழுத்து 'சி' அல்லது 'பி' என்று இருக்கும். சி என்றால் கேரக்டர். பி என்றால் பிளாக், அதாவது ஹார்ட் டிஸ்க் வகை. அதை இங்கே விட்டுவிடலாம். சாதாரண ஃபைலுக்கு அளவு காட்டும் இடத்தில் இங்கே இரண்டு எண்கள் இருக்கும். 'நல்' டிவைஸுக்கு 1, 3. 'ஜீரோ'வுக்கு 1, 5. நம் தராசுக் கேபிளுக்கு 188, 0. முதல் எண் மேஜர், எந்த டிரைவர் பொறுப்பு என்று சொல்வது. இரண்டாவது மைனர், அந்த டிரைவரிடம் உள்ள சாதனங்களில் இது எத்தனையாவது என்று சொல்வது. கெர்னலுக்கு வேண்டியது இந்த எண்கள்தான். ஃபைலின் பெயர் நம் வசதிக்கு.

சரி, நாமே ஒன்று எழுதிப் பார்ப்போம். தராசு வேண்டாம், வன்பொருளே வேண்டாம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. 'ஏற்காடு' என்று ஒரு டிவைஸ். அதைப் படித்தால் 'வளைவு 1' என்பதில் ஆரம்பித்து 'வளைவு 20' வரை வரிக்கு ஒன்றாக வர வேண்டும். (குப்பனூர் வழியாக ஏறுகிறவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.) டிவைஸின் பெயரைத் தமிழிலேயே வைக்கக் கெர்னல் தடை சொல்லாது. ஆனால் டெர்மினலில் ஒவ்வொரு முறையும் கீபோர்டை மாற்ற வேண்டியிருக்கும், அதனால் ஆங்கில எழுத்தில் வைப்பது கைக்கு நல்லது.

மாட்யூலின் எலும்புக்கூடு

மாட்யூலில் மெயின் ஃபங்ஷன் கிடையாது. ஏற்றும்போது ஓட ஒன்று, இறக்கும்போது ஓட ஒன்று என இரண்டு ஃபங்ஷன் எழுதி, எது எதற்கு என்று 'மாட்யூல் இனிட்', 'மாட்யூல் எக்ஸிட்' என்ற இரண்டு மேக்ரோக்களால் கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். முதலாவது தன் வேலையை முடித்துவிட்டுத் திரும்பிவிடும். மாட்யூல் சும்மா உட்கார்ந்திருக்கும். யாராவது டிவைஸைத் தொட்டால்தான் அடுத்து ஏதாவது நடக்கும்.

கூடவே லைசென்ஸ் சொல்லும் ஒரு வரி. அது இல்லாவிட்டால் இப்போதைய கெர்னல்களில் பில்டே முடியாது. ஜிபிஎல் (லினக்ஸ் கெர்னலின் லைசென்ஸ்) என்று போடாவிட்டால் கெர்னலின் பல ஃபங்ஷன்களை உங்களால் கூப்பிடவும் முடியாது.

சி மொழி தெரிந்தவர்களுக்கும் சில இடங்களில் தடுக்கும். பிரின்ட்எஃப் இல்லை, பதிலுக்கு 'பிஆர் இன்ஃபோ'. அது எழுதுவது திரைக்கு வராது, கெர்னல் லாகுக்குப் போகும். 'டிமெஸ்ஜி' கமாண்ட் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மல்லாக் இல்லை, 'கேமல்லாக்' உண்டு. புள்ளி வைத்த எண்களில் கணக்குப் போடக் கூடாது. ஸ்டாக்கும் சின்னது, 64 பிட் இன்டெல் வகை கம்ப்யூட்டரில் 16 கேபி. பெரிய அரே ஒன்றை ஃபங்ஷனுக்குள் அறிவித்துவிட்டு அப்புறம் புலம்பிப் பயனில்லை.

டிவைஸைப் பதிவு செய்ய இரண்டு வழிகள். பழைய பாடங்களில் இருப்பது நீண்ட வழி: எண்களைக் கேட்டு வாங்கு, சிடெவ் ஒன்றைத் தயார் செய், கிளாஸ் உருவாக்கு, டிவைஸ் உருவாக்கு. நான்கில் எது தோற்றாலும் அதற்கு முன் செய்ததையெல்லாம் தலைகீழ் வரிசையில் கலைக்க வேண்டும். போதாததற்கு 6.4 கெர்னலில் கிளாஸ் உருவாக்கும் ஃபங்ஷனின் முதல் ஆர்க்யுமென்ட்டையே எடுத்துவிட்டார்கள். பழைய பாடத்தைப் பார்த்து அப்படியே அடித்தால் கம்பைலர் கோபித்துக்கொள்ளும். ஒரே ஒரு டிவைஸ் வேண்டும் என்கிற ஆரம்பக்காரருக்கு நான் சொல்வது மிஸ்க் டிவைஸ். பெயர், படிக்கும் அனுமதி, ஃபங்ஷன் பட்டியல் மூன்றையும் நிரப்பி, மைனர் இடத்தில் 'மிஸ்க் டைனமிக் மைனர்' என்று போட்டு, 'மிஸ்க் ரெஜிஸ்டர்' என்று ஒரு முறை கூப்பிட்டால் மேஜர் 10 கிடைக்கும், மைனரைக் கெர்னலே பார்த்துத் தரும், டெவ் ஃபோல்டரில் ஃபைலும் வந்துவிடும். நான்கு படி வழியைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், ஆனால் முதல் நாளே அதில் முட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

மேலே சொன்ன ஃபங்ஷன் பட்டியல்தான் 'ஃபைல் ஆபரேஷன்ஸ்' ஸ்ட்ரக்சர். ஓப்பன் வந்தால் இது, ரீட் வந்தால் இது, ரைட் வந்தால் இது, மூடினால் இது என்று ஃபங்ஷன் பாயிண்டர்களின் தொகுப்பு. வேண்டாததை நிரப்பாமல் விடலாம். 'ஓனர்' என்று ஒரு இடம் இருக்கும். அதில் 'திஸ் மாட்யூல்' என்று போட மறக்காதீர்கள். காரணம் சோதனையில் வரும்.

ரீட்: எத்தனை பைட் கொடுத்தேன்?

ரீட் ஃபங்ஷனுக்கு நான்கு விஷயங்கள் வரும்: திறந்த ஃபைல், கேட்பவரின் பஃபர் (பைட்டுகளை வாங்கி வைக்கும் மெமரி இடம்) முகவரி, எத்தனை பைட் வேண்டும், ஃபைலில் இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம். பதிலாக ஒரு எண் திருப்பித் தர வேண்டும். என் கணக்கில் கேரக்டர் டிவைஸ் பாடம் முக்கால்வாசி இந்த எண்ணில்தான் இருக்கிறது.

பூஜ்யத்துக்கு மேல் என்றால் 'இத்தனை பைட் கொடுத்துவிட்டேன்'. பூஜ்யம் என்றால் 'முடிந்தது, இனி இல்லை'. மைனஸ் எண் என்றால் தவறு. ஃபைலில் இருப்பதைத் திரையில் கொட்டும் 'கேட்' கமாண்ட் இந்தப் பூஜ்யம் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அது ஒரே தடவையில் லட்சம் பைட்டுக்கு மேல் கேட்கும். நீங்கள் இருப்பதைக் கொடுப்பீர்கள். மறுபடியும் கேட்கும். அப்போது பூஜ்யம் சொல்லாமல் மீண்டும் முதலிலிருந்து கொடுத்தால், திரையில் வளைவுகள் நிற்காமல் ஓடும். கன்ட்ரோல் சி அடித்துத்தான் நிறுத்த வேண்டும்.

அடுத்தது முகவரி. கேட்பவரின் பஃபர் அவருடைய புரோகிராமின் மெமரியில் இருக்கிறது. அது தப்பான முகவரியாக இருக்கலாம், இன்னும் மெமரிக்கு வராத பக்கமாக இருக்கலாம், வேண்டுமென்றே கொடுத்த கெர்னல் முகவரியாகவும் இருக்கலாம். நேராக மெம்காப்பி போட்டால் இன்றைய பிராசசர்கள் பெரும்பாலும் அங்கேயே தடுத்துவிடும், கெர்னல் 'ஊப்ஸ்' என்று அலறும். 'காப்பி டு யூஸர்' என்ற ஃபங்ஷன் முகவரியைச் சரிபார்த்துவிட்டுக் கடத்தும். அது திருப்பித் தரும் எண் காப்பி ஆகாமல் மிஞ்சியது எத்தனை பைட் என்பது. பூஜ்யம் வந்தால் எல்லாம் போய்ச் சேர்ந்தது. மிஞ்சினால் மைனஸ் ஈஃபால்ட் (முகவரி தப்பு என்று சொல்லும் எண்) திருப்பித் தர வேண்டும். பலரும் இந்த எண்ணைக் காப்பி ஆன அளவு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது நம் வளைவுகள். முதலில் தோன்றும் யோசனை: மாட்யூலில் பொதுவாக ஒரு எண் வைத்துக்கொள்வோம், ஒவ்வொரு ரீடுக்கும் ஒரு வரி கொடுத்து எண்ணைக் கூட்டுவோம், 20 தாண்டினால் பூஜ்யம். 'கேட்' போட்டால் அழகாக 20 வரி வரும். இன்னொரு முறை போட்டால் ஒன்றும் வராது, எண் ஏற்கெனவே 20ஐத் தாண்டி நிற்கிறதே! சரி, ஓப்பன் ஆகும்போது எண்ணை முதலுக்குத் திருப்பிவிடலாம் என்று அடுத்து தோன்றும். ஒருவர் மட்டும் படிக்கும்வரை அது ஓடும். இரண்டு பேர் சேர்ந்து படித்தால் ஒருவர் திறந்ததும் மற்றவர் அடிவாரத்துக்கு வந்துவிடுவார். மலையில் ஏறும் இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரே ஒரு வளைவு எண் வைத்திருப்பது போலத்தான் இது. ஒரு பஸ் எட்டாவது வளைவில் இருக்கும்போது இன்னொன்று கோரிமேட்டில் புறப்பட்டால், முதல் பஸ் கீழே இறங்கிவிடுமா என்ன?

இடம் என்பது சாதனத்துக்குச் சொந்தமில்லை, அதைத் திறந்தவருக்குச் சொந்தம். ஒவ்வொரு ஓப்பனுக்கும் கெர்னல் தனியாக ஒரு ஃபைல் ஸ்ட்ரக்சர் உருவாக்குகிறது. ரீடுக்கு நான்காவதாக வரும் இடம் அதிலிருந்துதான் வருகிறது. ஆகவே பொது எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, 20 வரியையும் மாட்யூல் ஏறும்போதே ஒரு பஃபரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரீட் வந்தால், வந்த இடத்திலிருந்து எவ்வளவு மிச்சமோ, எவ்வளவு கேட்டார்களோ, இரண்டில் குறைந்ததைக் கொடுத்து, இடத்தை அவ்வளவு நகர்த்தி, அந்த எண்ணையே திருப்பித் தரவும். இதையெல்லாம் செய்ய 'சிம்பிள் ரீட் ஃப்ரம் பஃபர்' என்று கெர்னலில் ஒரு ஃபங்ஷன் தயாராக இருக்கிறது. ஒரு முறை கையால் எழுதிப் பார்த்துவிட்டு, அப்புறம் அதைப் பயன்படுத்துங்கள்.

ரீடுக்கு ஒரு வரி என்ற திட்டத்தில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. கேட்பவர் ஒரே ஒரு பைட் கேட்டால்? மீதி வரி காணாமல் போகும். தமிழில் இது இன்னும் நன்றாகத் தெரியும். யூடிஎஃப்8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'வளைவு' என்பதில் வ, ள, ஐ குறி, வ, உ குறி என ஐந்து, ஆக 15 பைட். இடைவெளி, எண், வரிமுடிவு சேர்த்தால் முதல் ஒன்பது வரிகளும் தலா 18 பைட். 10 முதல் 20 வரை இலக்கம் இரண்டு என்பதால் தலா 19. மொத்தம் 162ம் 209ம், 371. கெர்னலுக்கு வ, ள எதுவும் தெரியாது. எழுத்தின் நடுவில் வெட்டினாலும் கவலைப்படாது. வரிசை தப்பாமல் கொடுத்தால் படிப்பவர் பக்கம் எழுத்து தானாகச் சேர்ந்துகொள்ளும். இந்த 371 சோதனைக்கு உதவும், குறித்துக்கொள்ளுங்கள்.

ரைட்: யாரையும் நம்பாதே

எழுதவும் ஒரு வசதி தருவோம். டிவைஸுக்குள் 5 என்று எழுதினால் இனிமேல் ஐந்து வளைவு மட்டும் காட்ட வேண்டும். பஃபரைத் தொட வேண்டாம், 'காட்ட வேண்டிய நீளம்' என்ற எண்ணை மட்டும் 90 ஆக்கினால் போதும்.

எழுதுபவர் அனுப்பியது எண்தானா, எவ்வளவு நீளம் எதற்கும் உத்தரவாதம் இல்லை. எட்டு பைட் அரே வைத்துக்கொண்டு, ஏழுக்கு மேல் வந்தால் மைனஸ் ஈஇன்வேல் ('இன்வேலிட் ஆர்க்யுமென்ட்' என்று சொல்லும் எண்) என்று மறுத்துவிடுங்கள். வந்ததை 'காப்பி ஃப்ரம் யூஸர்' மூலம் எடுத்து, கடைசியில் பூஜ்ய பைட்டை நீங்களே வையுங்கள், வெளியிலிருந்து அது வராது. 'கேஸ்டிஆர்டுஇன்ட்' அதை எண்ணாக்கும். கொடுத்ததை அப்படியே எழுதும் 'எக்கோ' கமாண்ட் சேர்க்கும் வரிமுடிவை அது பொறுத்துக்கொள்ளும். 1 முதல் 20க்குள் இல்லை என்றால் மறுபடியும் மறுப்பு. முடிவில், வந்த பைட் எண்ணிக்கையைத் திருப்பித் தாருங்கள். 'எக்கோ 5' அனுப்புவது 2 பைட். நீங்கள் 1 என்று சொன்னால், மிச்சத்தை ஷெல் (டெர்மினலில் உங்கள் கமாண்டை வாங்கி ஓட்டும் புரோகிராம்) மறுபடி அனுப்பலாம். வெறும் வரிமுடிவு எண்ணாகாது, தவறு என்று வரும், உங்களுக்குத் தலை சுற்றும்.

நீளம் மாறலாம் என்று ஆனதும் ஒரு வம்பு சேர்ந்துகொள்கிறது. ஒருவர் 300ஆவது பைட்டில் இருக்கும்போது இன்னொருவர் நீளத்தை 90க்குக் குறைத்தால்? மிச்சம் என்று 90லிருந்து 300ஐக் கழித்து, அதைக் குறியில்லா எண்ணில் வைத்திருந்தால் அது மைனஸ் ஆகாமல் பிரம்மாண்ட எண்ணாகிவிடும். பஃபரைத் தாண்டி உள்ளே இருக்கும் கெர்னல் மெமரி வெளியே வழியும். பாதுகாப்பு ஓட்டைகளில் பலவும் இந்த மாதிரிச் சின்னக் கழித்தலில்தான் பிறக்கின்றன. இடம் நீளத்தைத் தொட்டாலோ தாண்டினாலோ முதலிலேயே பூஜ்யம் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் கழியுங்கள். ரீடும் ரைட்டும் ஒரே சமயத்தில் வரலாம் என்பதால் இரண்டையும் ஒரு மியூடெக்ஸால் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) பூட்டவும் வேண்டும். ஸ்பின்லாக் (தூங்காமல் சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) வேண்டாம்: காப்பி செய்யும்போது கெர்னல் தூங்க நேரலாம், ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது.

சோதனை

சொந்த லேப்டாப்பில் சோதிக்காதீர்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸோ கியூஎமுவோ எது கைக்கு வருகிறதோ அதில் ஒரு லினக்ஸ் போட்டு, ஸ்னாப்ஷாட் (பிறகு திரும்பி வர வசதியாக அப்போதைய நிலையின் நகல்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண புரோகிராம் தப்பு செய்தால் அது மட்டும் சாகும். மாட்யூல் தப்பு செய்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் படுத்துவிடலாம்.

ஓடும் கெர்னலின் பதிப்புக்கே உரிய ஹெடர் பேக்கேஜ் வேண்டும். மேக்ஃபைலில் 'ஓபிஜே எம்' என்ற வரியில் உங்கள் ஃபைல் பெயரைக் கொடுத்து மேக் ஓட்டினால், கேஓ என்று முடியும் ஃபைல் கிடைக்கும். அதை 'இன்ஸ்மாட்' மூலம் ஏற்றுங்கள். 'இன்வேலிட் மாட்யூல் ஃபார்மேட்' என்று வந்தால் பெரும்பாலும் ஹெடர் ஒரு பதிப்பு, கெர்னல் வேறு பதிப்பு. கையெழுத்துச் சாவி ஏற்கப்படவில்லை என்று வந்தால் கையெழுத்து இல்லாத நிரலை ஏற்காத செக்யூர் பூட் வசதி தடுக்கிறது. ஏறியதும் லாகில் 'கெர்னல் டெய்ன்ட் ஆகிறது' என்று ஒரு வரி தெரியும். பயப்பட வேண்டாம், வெளியாள் எழுதிய மாட்யூல் ஏறியிருக்கிறது என்ற குறிப்புதான் அது.

இன்னொரு டெர்மினலில் டிமெஸ்ஜியைத் தொடர்ந்து ஓடவிட்டபடி ஆரம்பியுங்கள். முதலில் 'கேட்'. 20 வரி வந்து நின்றதா? பைட் எண்ணும் 'டபிள்யூசி' கமாண்டுக்கு அனுப்பிப் பாருங்கள், 371 வர வேண்டும். அடுத்து 'டிடி' கமாண்டில் ஒரு பைட் ஒரு பைட்டாகப் படித்து எண்ணுங்கள். அதே 371 வந்தால் இடக் கணக்கு சரி.

அப்புறம் இரண்டு பஸ் சோதனை. ஒரு டெர்மினலில் டிவைஸை 3ஆம் எண் டிஸ்கிரிப்டராக (திறந்த ஃபைலுக்கு ஷெல்லில் தரும் எண்) திறந்து வைத்து, அதிலிருந்து டிடியால் 18 பைட் மட்டும் படியுங்கள். வளைவு 1. மறுபடி, வளைவு 2. இன்னொரு டெர்மினலில் முழுவதையும் 'கேட்' செய்துவிட்டு இங்கே திரும்பி வந்து படித்தால் வளைவு 3 வர வேண்டும். பொது எண் வைத்திருந்தவர்களுக்கு வராது.

எழுதும் சோதனையில் அனுமதி மறுப்பு வந்தால், ரூட் அதிகாரம் தரும் சுடோவைச் சேர்த்து 'சுடோ எக்கோ' என்று போட்டுப் பார்ப்பீர்கள். அதுவும் மறுக்கும். சுடோ எக்கோவுக்குத்தான் அதிகாரம் தந்தது, அம்புக்குறி போட்டு ஃபைலைத் திறப்பது உங்கள் ஷெல். வந்ததைத் தானே ஃபைலைத் திறந்து எழுதும் 'டீ' கமாண்டுக்குச் சுடோ கொடுத்து அதன் வழியாக அனுப்புங்கள். 5 எழுதினால் 90 பைட். 25, பூஜ்யம், 'பூலாம்பட்டி', ஒரு மெகாபைட் குப்பை எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். எல்லாமே 'இன்வேலிட் ஆர்க்யுமென்ட்' என்று மறுக்கப்பட வேண்டும், டிமெஸ்ஜி அமைதியாக இருக்க வேண்டும்.

கடைசியாக இறக்குவது. 'ஸ்லீப்' கமாண்டின் உள்ளீடாக டிவைஸைக் கொடுத்துப் பின்னணியில் விட்டால் அது திறந்தபடியே இருக்கும். எல்எஸ்மாடில் பயன்பாட்டு எண் 1 என்று காட்டும், 'ஆர்எம்மாட்' கொடுத்தால் மாட்யூல் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுக்கும். ஓனர் இடத்தை நிரப்பச் சொன்னது இதற்காகத்தான். அது காலியாக இருந்தால் மாட்யூல் இறங்கிவிடும், திறந்திருக்கும் ஃபைல் மட்டும் காலியான முகவரிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஸ்லீப் முடிந்து ஃபைல் மூடும்போதே ஊப்ஸ் வரலாம். ஸ்னாப்ஷாட் இருக்கிறது அல்லவா, ஒரு முறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். ஊப்ஸ் செய்தியில் எந்த ஃபங்ஷனில் விழுந்தது, யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற வரிசை இருக்கும். அதைப் படிக்கப் பழகினால் பாதிப் பிழைகள் அங்கேயே பிடிபடும். அதன் பிறகு அந்த விர்ச்சுவல் மெஷினை நம்பாமல், ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

ஓனரைச் சரியாகப் போட்டதும், ஏற்றி இறக்குவதை ஒரு லூப்பில் நூறு தடவை ஓட்டலாம். இறங்கியதும் டெவ் ஃபோல்டரில் ஃபைல் மறைந்திருக்க வேண்டும். எக்ஸிட் ஃபங்ஷனில் மிஸ்க் பதிவைக் கலைக்க விட்டுப்போயிருந்தால் அடுத்த முறை ஏற்றும்போதே தெரிந்துவிடும். கேமல்லாக்கில் வாங்கிய பஃபரை விடுவிக்க மறந்தது அவ்வளவு சுலபமாகத் தெரியாது. அதற்குக் 'கேமெம்லீக்' வசதியோடு பில்ட் செய்த கெர்னல் ஒன்றை அந்த விர்ச்சுவல் மெஷினில் போட வேண்டும்.